முசுடுகள் காத்த தெரு

திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளிலிருந்து கிளைபிரியும் சின்னத் தெருக்களில் ஒன்று எங்களுடையது. எதிரெதிரே இரண்டு மாட்டுவண்டிகள் வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கித்தான் ஆகவேண்டும். அத்தனை ஒடுக்கம். வீடுகள் அகலத்தில் சிறுத்து நீளத்தில் பெருத்தவை. தெருவைப் பார்த்தபடி திண்ணை, அதைத் தாண்டித் தார்சா, பிறகு பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, கடைசியில் புறவாசல். நடுநடுவே வளவுகள் உண்டு. ஒரே வாசலுக்குள் நுழைந்தால் வரிசையாகக் குடித்தனங்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு துவைகல். நாங்கள் அப்படி ஒரு வளவில் இருந்தோம்.

அந்தத் தெருவில் திண்ணைக்கு ஒரு முதியவர் இருந்தார். காலையில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை அங்கேதான். மறுபடி நாலு மணிக்கு வந்து உட்கார்ந்தால் தெருவிளக்கு எரியும்வரை. தெருவில் நடக்கும் எதுவும் அவர்கள் பார்வைக்குத் தப்பாது. அவர்கள் வாய்க்கும் தப்பாது. யார் வீட்டு வாறுகால் அடைத்திருக்கிறது, யார் மகன் பள்ளிக்கூட நேரத்தில் ரத்னா தியேட்டர் பக்கம் போனான், எந்தப் பிள்ளை சைக்கிளை ஒரு கையால் ஓட்டுகிறது, எல்லாவற்றுக்கும் ஒரு சத்தம் வரும். "ஏல, எங்கல போற? நில்லுல." அந்தக் குரலைக் கேட்டு நிற்காத பிள்ளை எங்கள் தெருவில் வளரவில்லை.

நாங்கள் பதிலுக்குச் செய்தது பெயர் வைப்பது. துர்வாசர், முசுடு, கடுவன் பூனை, சிடுமூஞ்சி ஆச்சி, முட்டுக்கட்டைத் தாத்தா, உம்மணாமூஞ்சி, பழம்பஞ்சாங்கம், கர்நாடகம். பெரும்பாலான பெயர்கள் எங்களுக்கு முன்னாலேயே புழக்கத்தில் இருந்தன; அப்பாமார்கள் காலத்திலேயே வேறு கிழவர்களுக்கு வைத்து, அவர்கள் போனபின் மிச்சமிருந்த பெயர்களை நாங்கள் எடுத்துக்கொண்டோம். துர்வாசர் என்ற பெயர் எங்கள் தெருவில் ஒருபோதும் ஆளில்லாமல் இருந்ததில்லை.

எல்லாப் பட்டப்பெயர்களுக்கும் அடியில் இருந்தது இரண்டே பொதுச்சொற்கள்: பெருசு, கிழம். இவற்றைச் சொல்லும்போது எங்கள் பேச்சில் ஒரு மாற்றம் நடக்கும். நெல்லைப் பேச்சில் மரியாதை வினைமுற்றில் இருக்கிறது. "தாத்தா வாராவ", "ஆச்சி சொல்லுதாவ", "அண்ணாச்சி போறாவ" என்றுதான் வீட்டில் பேச வேண்டும். மாற்றிப் பேசினால் வாயிலேயே விழும். அதே தாத்தா தெருமுக்கில் திரும்பி வருவதைப் பார்த்துப் பந்தைச் சுருட்டிக்கொண்டு ஓடும்போது, "ஏல, பெருசு வருதுல" என்போம். வாராவ என்பது வருது ஆகிவிடும். நரகத்தில் கிடப்பவர்களைக்கூட உயர்திணையில் சேர்த்துச் சொல்கிறது நன்னூல். திண்ணையில் உட்கார்ந்து எங்களை அதட்டியவரை நாங்கள் அஃறிணைக்கு இறக்கினோம். பெரியவர் பெருசானார், கிழவர் கிழமானார், கிழடானார். இந்தச் சொற்களின் சுருக்கு முழுவதும் அந்தக் கடைசி எழுத்தில் இருக்கிறது. 'அர்' போய் 'அம்' வந்தால் ஆள் பொருளாகிவிடுகிறார்.

ஆனாலும் அஃறிணை என்றால் வெறுப்பு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. தொட்டில் பிள்ளையையும் "அது தூங்குது" என்றுதான் சொல்கிறோம். சென்னைப் பக்கம் போனால் சொந்தப் பாட்டியையே "பாட்டி வந்துச்சு" என்று வாஞ்சையோடு சொல்வார்கள். மிகச் சிறியதையும் மிக முதியதையும் தமிழ் ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிறது. எங்கள் தெருவில் "அந்தக் கெழம் சாப்பிட்டுச்சா?" என்று மருமகள் கேட்டால், குரலை வைத்துத்தான் அது எரிச்சலா, கரிசனமா என்று தெரியும். பல நேரம் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

கிழம் என்ற சொல்லின் பூர்வீகம் கல்லூரி நாட்களில் எனக்குத் தெரிய வந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் தெருதான். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் கிழவன் என்றால் தலைவன், கிழத்தி என்றால் தலைவி. வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே வரும் கிழவன் காதலிக்கிற இளைஞன். என்றும் இளையவன் என்று நாம் கும்பிடும் முருகனுக்கே குறிஞ்சிக் கிழவன் என்று பெயர் உண்டு. கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமையைக் கிழமைப் பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்: இன்னாருடைய இது. கோவூர்கிழார், ஆலத்தூர்கிழார், அரிசில்கிழார் என்று சங்கப் புலவர்கள் பெயரில் வரும் கிழார் அந்தந்த ஊருக்கு உரியவர் என்ற கௌரவம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கு உரிய நாள். உரியவர் என்ற சொல் எந்தக் கட்டத்தில் வயதானவர் என்று ஆனதோ தெரியவில்லை; ஆனால் ஆன வழி எளிதாகப் புலப்படுகிறது. வீடும் நிலமும் குடும்பத்தில் மூத்தவர் பெயரில்தான் இருந்தன. உடையவரும் மூத்தவரும் ஒரே ஆள். பிறகு உடைமை மகன் பெயருக்கு மாறியது. கிழவன் என்ற சொல்லில் வயது மட்டும் தங்கிவிட்டது.

எங்கள் துர்வாசர் தாத்தாவை நினைத்தால் அந்தப் பழைய பொருள்தான் பொருத்தமாகப் படுகிறது. அவருக்குத் தெருவில் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது. மகன் வீட்டில், அதுவும் வாடகை வீட்டில் இருந்தார். ஆனால் தெரு முழுக்கத் தனக்கு உரியது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. தெருக்குழாயை யாராவது சரியாகத் திருகாமல் போனால் வீட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே எழுந்து வருவார். தானே வந்து மூடுவார். மூடியபிறகும் கத்துவார். "தாமிரவருணி ஒங்கப்பன் வீட்டுச் சொத்தால? திறந்துபோட்டுட்டுப் போறியோ." குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர் என்பதை எங்களில் பலர் தெரிந்துகொண்டதே அந்த வசவிலிருந்துதான்.

அவர் குரல் ஏன் அப்படி என்று அம்மா பின்னாளில் சொன்னாள். இளமையில் ஒரு ஆலையில் தறி ஓடும் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனிடம் பேசவே கத்த வேண்டும். காது மந்தமாகிவிட்டது, கத்தும் பழக்கம் தங்கிவிட்டது. தான் சத்தம் போடுகிறோம் என்பது அவருக்கே கேட்டிருக்காது. முதியவர்களின் கோபம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு காது மந்தம், எவ்வளவு முழங்கால் வலி, எவ்வளவு கண்புரை இருக்கிறது என்று கணக்கெடுத்தால் கோபத்துக்கு மிஞ்சுவது கொஞ்சமாகத்தான் இருக்கும்.

துர்வாசர் என்ற பெயர் வந்த வழி எல்லோருக்கும் தெரிந்தது. சகுந்தலையைச் சபித்த முனிவர் என்று காளிதாசன் நாடகத்தின் வழியாக அவர் பெயர் எடுத்துவிட்டார். அதே துர்வாசர்தான் குந்திக்கு மந்திரம் உபதேசித்தவர். அவருடைய முன்கோபத்துக்கு முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த பெண்ணுக்கு அந்த வரத்தைக் கொடுத்தார். அந்த மந்திரம் இல்லாவிட்டால் பாரதக் கதையே இல்லை. பெயர் வைக்கும் தெரு சாபத்தை நினைவில் வைத்தது, வரத்தை விட்டுவிட்டது.

வளவு வாசலில் இருந்த ஆச்சிக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். சிடுசிடு, கடுகடு, வெடுவெடு, முணுமுணு, தொணதொண என்று முதியவர்களின் எரிச்சலுக்குத் தமிழில் இரட்டைக்கிளவிகள் நிறைய. பெரும்பாலும் அடுக்களையிலும் விளக்கடியிலும் பிறந்த ஒலிகள் இவை. ஈரம்பட்ட திரியை ஏற்றினால் நின்று எரியாமல் சிடுசிடுவென்று பொரியும். சூடான எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அதே சத்தம். கடுகடு என்பதில் இருக்கும் கடு, காரத்துக்கும் கைப்புக்கும் கடுமைக்கும் பொதுவானது. எரிந்து விழுவது என்ற தொடரும் அந்த நெருப்பின் பக்கத்திலிருந்து வந்ததுதான். இரட்டைக்கிளவி இரட்டையாகத்தான் நிற்கும், பிரியாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. ஆனால் மக்கள் சிடுவை ஒற்றையாகப் பிடுங்கி மூஞ்சியோடு சேர்த்து ஒரு ஆளையே செய்துவிட்டார்கள். உம்மென்று இருப்பவர் உம்மணாமூஞ்சி ஆனதும் இதே வகை. இலக்கணம் ஒலியாக வைத்திருந்ததை எங்கள் வளவுப் பெண்கள் முகமாக மாற்றினார்கள்.

அந்த ஆச்சி இளம் வயதில் கணவனை இழந்தவள். தம்பி வீட்டில் வந்து தங்கியவள். தம்பி பிள்ளைகளையெல்லாம் வளர்த்து முடித்தபின், வாசல் நடையை ஒட்டிய ஒற்றை அறைக்கு ஒதுங்கியிருந்தாள். வளவுக்குள் யார் நுழைந்தாலும் "யாரது?" என்ற கேள்வி முதலில் வரும். பதில் சொன்னாலும் சமாதானம் ஆகமாட்டாள். "எதுக்கு வந்திய? அவ வீட்டுல இல்லயே. சாயந்தரம் வாங்க." வேலைக்குப் போகும் பெண்கள் பூட்டாமல் கூட வெறுமனே கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். வாசலில் அவள் இருக்கிறாள் என்ற ஒரே தைரியம்தான். "நொரநாட்டியம் புடிச்ச கெழவி" என்று முணுமுணுத்த மதினிமார்களே சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பெயர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தராசு இல்லை என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கோபக்காரக் கிழவருக்கு முனிவர் பெயர் கிடைத்தது: துர்வாசர், விசுவாமித்திரர், ஜமதக்கினி. கோபக்காரக் கிழவிக்குக் கிடைத்தது சூனியக்காரி, பேய், மூதேவி. ஆண் கோபப்பட்டால் தவவலிமை, பெண் கோபப்பட்டால் வீட்டுக்கு ஆகாது என்ற எண்ணம் இந்தச் சொற்களுக்குள் ஊறிக் கிடக்கிறது. இது அநியாயம்.

மூதேவி என்ற சொல்லுக்கே அந்த அநியாயம் நடந்திருக்கிறது. மூத்த தேவி என்பதுதான் அது. திருமகளுக்கு அக்காள். தவ்வை என்றும் சேட்டை என்றும் பெயர். திருக்குறளிலேயே தவ்வை வருகிறாள், திருமகளின் மூத்தவளாக. ஒரு காலத்தில் அவளை வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவள் சிற்பம் உண்டு. திருப்பரங்குன்றத்தில் பாண்டியர் காலக் குடைவரையில் அவளுக்கு இடம் உண்டு. காக்கைக் கொடியோடு, பெரிய வயிறோடு, மாட்டுமுக மகனையும் மகளையும் இரு பக்கத்திலும் வைத்துக்கொண்டு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். பார்த்தால் ஒரு குடும்பத்து மூத்தவளின் நிமிர்வு தெரியும். காலப்போக்கில் வழிபாடு போனது, மூத்தவள் என்ற பொருளும் போனது, வசவு நின்றது. நெல்லையில் அது இன்னும் சுருங்கி மூதி ஆயிற்று. "செத்த மூதி", "கூறுகெட்ட மூதி" என்று எங்களை நாள்முழுக்கத் திட்டியவர்கள் அந்த ஆச்சிமார்கள்தான். மூத்தவள் என்ற பொருளுள்ள சொல்லை, மூத்தவர்கள், அரைக்கால் சட்டை போட்ட பையன்கள் மேல் எறிந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது கொஞ்சலாகவே கேட்டது. திருநெல்வேலிக்காரர்கள் இப்போதும் வெளியூரில் "ஏ மூதி" என்று யாராவது கூப்பிடுவதைக் கேட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எங்கள் வளவின் புறவாசலில் ஒரு மாமரம் இருந்தது. இந்த மரத்தோடுதான் முசுடு என்ற சொல் எனக்குச் சேர்ந்திருக்கிறது. மாமரத்தில் இலைகளை வளைத்து ஒட்டிப் பந்துபோலக் கூடு கட்டும் செவ்வெறும்பை முசுறு என்போம். முசிறு என்றும் சொல்வதுண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ் லெக்சிகன், முசுடு என்ற சொல்லுக்கு அந்த எறும்பையும் பொருளாகத் தருகிறது, முன்கோபக்காரரையும் தருகிறது. மரத்தில் ஏறியவர்களுக்கு இரண்டும் ஏன் ஒன்றாயின என்று விளக்கவே வேண்டாம். கிளையில் கைவைத்த கணத்தில் பத்து எறும்பு கையில் ஏறியிருக்கும். கடித்த இடத்தில் வாலை வளைத்து அமிலத்தைப் பீய்ச்சும். உதறினால் போகாது, தலை பிய்ந்தாலும் பிடி விடாது. சும்மா போகிறவனைக்கூட முசுறு விட்டுவைக்காது. காரணமே இல்லாமல் கடிப்பதாகத்தான் தோன்றும்.

காரணம் உண்டு. அந்தக் கூட்டை அவை புழுப்பருவக் குஞ்சுகளின் வாயிலிருந்து வரும் நூலைக் கொண்டு இலையோடு இலை தைத்துக் கட்டியிருக்கின்றன. உள்ளே குஞ்சுகளும் முட்டைகளும் இருக்கின்றன. மரத்தை நெருங்கும் எதையும் அவை எதிரியாகப் பார்ப்பதால், இலை தின்னும் புழுக்களும் பூச்சிகளும் அந்த மரத்தில் தங்க முடிவதில்லை. முசுறு உள்ள மாமரத்தை விவரம் தெரிந்தவர்கள் மருந்தடித்துக் கெடுக்கமாட்டார்கள். தென்சீனத்தில் எலுமிச்சை வகைத் தோட்டங்களைப் பூச்சியிலிருந்து காக்க இதே எறும்பின் கூடுகளை வாங்கிவந்து மரத்தில் கட்டும் வழக்கம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. முசுடு என்று ஒரு மனிதருக்கு முதலில் பெயர் வைத்தவர் கடியை மட்டும் நினைத்து வைத்திருக்கலாம். மரம் தப்பித்ததையும் அந்தப் பெயர் சேர்த்துத்தான் சொல்கிறது என்று நான் நம்புகிறேன். எங்கள் தெருவில் முசுடு என்று பெயர் எடுத்தவர் இராத்திரி பத்து மணிக்குமேல் புது ஆள் யார் தெருவுக்குள் வந்தாலும் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பவர். தெருவில் திருட்டு என்ற பேச்சே எழுந்ததில்லை.

ஆனி மாதம் வந்தால் இந்தக் கிழவர்களின் குரலுக்கு உச்சம். நெல்லையப்பர் கோயில் தேரோட்டம். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் நான்கு ரத வீதிகளையும் சுற்றிவரும். வடம் பிடிக்க ஊர் முழுக்கத் திரளும். வீட்டுக்கு வீடு வெளியூரிலிருந்து வந்த சொந்தங்கள். வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒதுங்குபவர்களைக் கண்டால் எங்கள் கிழவர்களுக்குப் பொறுக்காது. "வடத்தப் பிடிச்சு இழுக்க வந்தியளா, படம் பாக்க வந்தியளா?" என்று கூட்டத்துக்கு மேலே சத்தம் கேட்கும்.

பிள்ளைகள் எல்லாம் வடத்தின் பக்கம் நிற்போம். பெரியவர்கள் கண் சக்கரத்தடியில் இருக்கும். அங்கேதான் முட்டுக்கட்டை போடுபவர்கள் இருப்பார்கள். தேர் நகரும்போது ஓடும் சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு வடிவ மரக்கட்டையைச் செருகுவது அவர்கள் வேலை. வேகம் கூடினால் தணிப்பதும், ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கட்டை கொடுத்துத் திருப்புவதும், நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் அந்தக் கட்டைதான். பின்னாலிருந்து நெம்பித் தள்ள ஆட்கள் உண்டு, முன்னாலிருந்து இழுக்க ஆயிரம் பேர் உண்டு; திருப்புவதற்கு முட்டுக்கட்டையை விட்டால் வழி இல்லை. ரத வீதி முக்குகளில் தேர் திரும்பும் அழகு முழுக்க அந்த நாலைந்து பேரின் கையில் இருக்கிறது. கண் இமைத்தால் கையோ காலோ சக்கரத்தடியில் போய்விடும். பல குடும்பங்களில் அப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் வேலை அது. தேர் நிலைக்கு வந்தபின் அவர்களுக்கு மரியாதை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்பவரை முட்டுக்கட்டை என்கிறோம். பத்திரிகைத் தலைப்புகளில் முட்டுக்கட்டை போடுவது என்றால் கெடுப்பது என்றே பொருள். தேர் ஓடும் ஊரில் பிறந்தவனுக்கு அந்தச் சொல்லைக் கெட்ட பொருளில் பயன்படுத்த வாய் வராது. எங்கள் முட்டுக்கட்டைத் தாத்தா அம்மாவுக்குப் பெரியப்பா முறை. வளவுக் கிணற்றை மூடிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு குடித்தனம் கட்டலாம் என்று வீட்டுக்காரர் நினைத்தபோதெல்லாம் குறுக்கே நின்றவர் அவர். "கிணத்தத் தூர்க்காதயும் வே, பாவம்" என்று ஆரம்பித்துக் கடைசியில் அது சண்டையில்தான் முடியும். வருடக்கணக்கில் இந்தச் சண்டை நடந்தது. ஒரு கோடையில் குழாய்த் தண்ணீர் அற்றுப்போய், நாள் விட்டு நாள்கூட வராமல் ஆனபோது, தெருவே வாளியோடு எங்கள் வளவுக்குத்தான் வந்தது. தாத்தா கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரையும் திட்டித் திட்டி இறைக்க விட்டார். கயிற்றை அறுத்துவிடாதே, சிந்தாதே, வரிசையில் நில். ஒரு ஆளையும் தண்ணீர் இல்லாமல் அவர் திருப்பி அனுப்பவில்லை.

மற்றப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடுவன் என்றால் ஆண்பூனை; ஆண்குரங்குக்கும் சங்கப்பாட்டில் அதே பெயர். தனியாகத் திரிந்து, யாரையும் அண்டவிடாமல் உறுமுவதால் வந்த பெயர். பஞ்சாங்கம் திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்தையும் சொல்வது. சித்திரையில் புதிது வாங்கிவிட்டால் பழையதற்கு உபயோகம் இல்லை என்பதால் பழம்பஞ்சாங்கம். கர்நாடகம் என்பது கொஞ்சம் சுவாரசியமானது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதிக்குக் கர்நாடகம் என்று பெயர். நம் திருநெல்வேலியும் அதில் அடக்கம். 1801இல் கம்பெனி முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த புதுப் பாணிகளுக்கு எதிராக, முந்தைய காலத்து நடை, உடை, பழக்கம் எல்லாம் கர்நாடகம் ஆயின. "அவர் சுத்தக் கர்நாடகம்" என்றால் மாறாதவர். கல்கி ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியைக் கர்நாடகம் என்ற புனைபெயரில்தான் எழுதினார்; ஏளனத்துக்கான சொல்லை விருதாக எடுத்துக்கொண்டது அவருடைய தைரியம். எங்கள் தெருவின் கர்நாடகம் வீட்டில் மின்விசிறி இருந்தும் பனையோலை விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

இப்போது அந்தத் தெருவில் திண்ணை ஒன்றுகூட இல்லை. பாதி வீடுகள் கடைகளாகிவிட்டன. மீதியில் கம்பிக் கிராதி. வளவை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் வந்துவிட்டது. கிணறு அதன் அடியில் இருக்கிறது. முதியவர்கள் இருக்கிறார்கள். கிராதிக்குப் பின்னால், முதல் மாடியில், தொலைக்காட்சி முன்னால் இருக்கிறார்கள். அவர்கள் யாரையும் அதட்டுவதில்லை. தெருக்குழாய் சொட்டினால் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

பெயர் வைக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. இப்போது பூமர் என்கிறார்கள், பூமர் அங்கிள் என்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்காவில் பிறப்பு விகிதம் எகிறியது. 1946க்கும் 1964க்கும் இடையில் பிறந்தவர்களைப் பேபி பூமர்கள் என்று அங்கே கணக்கெழுதினார்கள். 2019 வாக்கில் அவர்களைக் கேலிசெய்யும் சொல்லாக அது உலகம் சுற்றி நம் பிள்ளைகளின் வாய்க்கும் வந்துவிட்டது. நம் ஊரில் முப்பத்தைந்து வயதுக்காரர் அறிவுரை சொன்னாலும் பூமர்தான். இளையவர்கள் பெயர் வைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. வைக்கத்தான் வேண்டும், நாங்களும் வைத்தோம். ஆனால் துர்வாசர் என்று சொன்ன பையனுக்குத் துர்வாசர் கதை தெரியும்; முசுடு என்று சொன்னவனை முசுறு கடித்திருக்கும்; முட்டுக்கட்டை என்றவன் தேரடியில் நின்றிருப்பான். ஒவ்வொரு பெயரிலும் ஒரு குறிப்பிட்ட ஆள் இருந்தார், அவர் உட்கார்ந்த திண்ணை இருந்தது. பூமர் என்பதில் ஒரு தலைமுறை மொத்தமாகத் தள்ளுபடி ஆகிறது. யாரையும் அருகில் போய்ப் பார்க்காமலேயே சொல்லிவிடக்கூடிய சொல் அது. அது எனக்கு உவப்பில்லை.

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி போட்ட பிறகு, பல வட்டாரங்களுக்கும் அப்படி அகராதிகள் வந்தன. அவற்றில் வசைச் சொற்களும் ஏச்சுகளும் இடம்பெற்றிருக்கின்றன. பட்டப்பெயர்கள் பெரும்பாலும் விட்டுப்போகும். ஒரு தெருவுக்குள்ளேயே பிறந்து, அந்தத் தெருவோடு முடிந்துபோகிறவை அவை. இன்னொரு குறையும் உண்டு. எங்கள் துர்வாசர் தாத்தாவின் சொந்தப் பெயரைத் தெருப்பிள்ளைகள் நாங்கள் தெரிந்துகொண்டது, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அச்சடித்து வந்த அட்டையில்தான். சிடுமூஞ்சி ஆச்சிக்கு அப்படி அட்டையும் அடிக்கவில்லை. வளவில் வாழ்ந்த எங்களில் ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது.

ஆகவே, இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் தெருவிலும் ஒரு முசுடு, ஒரு சிடுமூஞ்சி, ஒரு முட்டுக்கட்டை கட்டாயம் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் வைத்த பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று எழுதுங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது மிச்சமிருந்தால் கேட்டு, பக்கத்திலேயே அவர்களுடைய சொந்தப் பெயரையும் எழுதிவிடுங்கள்.